வண்டிச் சாவு

'ஆரோக்கியமாக' என்று நான் எங்கேயும் எழுதவில்லையே. உயிரோடு இருக்கின்றன என்றுதான் எழுதினேன். உயிரோடு இருப்பதும் ஆரோக்கியமாக இருப்பதும் ஒன்றுதான் என்றால் ஊரில் இத்தனை ஆஸ்பத்திரி எதற்கு?

இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் சுருக்க அறிக்கையைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு நல்ல குரல். மளிகைச் சீட்டைக் கொடுத்தாலும் கேட்பவர்கள் தலையாட்டும்படி வாசிப்பான்.

"கால்வாயில் வாழும் வரிமீன்கள் ஆலைக் கழிவுநீருக்கு ஏற்பத் தம்மைத் தகவமைத்துக்கொண்டுள்ளன. தற்போதைய நிலையில் அவை ஆரோக்கியமாகப் பல்கிப் பெருகி வருகின்றன." வாசித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினான். "இதுல எது உன் வாக்கியம், எது என் வாக்கியம்னு உனக்கே கண்டுபிடிக்க முடியாது, மீன்காரி."

இந்த நிறுவனத்தில் அவளை இன்னும் மீன்காரி என்று கூப்பிடுகிறவன் அவன் ஒருவன்தான். இருவரும் ஒரே நாளில் ஆராய்ச்சி மாணவர்களாகச் சேர்ந்தவர்கள். அவன் புழுக்களைப் படித்தான், அவள் மீன்களை. அவன் சீக்கிரமே புழுக்களை விட்டுவிட்டு மனிதர்களைப் படிக்கத் தொடங்கி இந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தான். வாயில் சர்க்கரையை அடக்கிக்கொண்டு பேசுகிறவன் என்பதால் மாணவர்கள் அவனைச் சர்க்கரை என்பார்கள். அது அவனுக்கும் தெரியும், அதில் அவனுக்கு வருத்தமும் கிடையாது.

"முதல் வாக்கியம் என்னுது. ரெண்டாவது என்னுது இல்ல," என்றாள்.

"ரெண்டாவது முதலாவதோட கூடப்பிறந்தது. தகவமைச்சுக்கிட்டா ஆரோக்கியமாத்தானே இருக்கும்?"

அந்தக் கேள்வி அவளைச் சுட்டது. இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இத்தனை ஆண்டு படித்ததெல்லாம்.

உலோகங்களுக்கு முலாம் பூசும் ஆலை ஒன்று தன் கழிவுநீரை விடும் கால்வாய் அது. அதில் தவளை கிடையாது, நத்தை கிடையாது, வேறு எந்த மீனும் கிடையாது. விரல் நீளமே உள்ள வரிமீன் மட்டும் கூட்டம் கூட்டமாகத் திரியும். அதே வரிமீன் மேட்டுப்பக்கத்துத் தெளிந்த குட்டையிலும் உண்டு. குட்டை மீனைக் கொண்டுவந்து கால்வாய்த் தண்ணீரில் விட்டால் மறுநாள் காலையில் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். கால்வாய் மீனோ ஒன்றும் நடக்காததுபோல நீந்தும். ஏன் என்று அவள் தேடினாள். உடலுக்குள் வரும் உலோகத்தைப் பிடித்துக் கட்டிப்போடும் ஒரு புரதம் உண்டு. அதற்கான மரபணு குட்டை மீனில் ஒரே பிரதியாக இருந்தது. கால்வாய் மீனில் இரண்டு மூன்று பிரதிகளாகப் பெருகியிருந்தது. பரிணாமம் கண்ணுக்கு எதிரிலேயே நடந்ததைக் காட்டிய அந்தக் கட்டுரைதான் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. முதல் வாக்கியம் அவளுடையது என்றால் அது சும்மா இல்லை. இளமை மொத்தமும் அதற்குள் இருந்தது.

இப்போது அந்த வாக்கியத்துக்கு வேறு வேலை வந்திருந்தது. கால்வாய் போய்ச் சேரும் ஏரியில்தான் ஊர் தண்ணீர் எடுக்கிறது. கழிவைச் சுத்திகரித்த பிறகே ஆலை வெளியே விட வேண்டுமா, இப்படியே விட்டுக்கொண்டிருக்கலாமா என்று மாதக் கடைசியில் ஒரு குழு முடிவு செய்யப்போகிறது. கால்வாயைப் பற்றிப் பேச அந்தக் குழுவுக்குத் தெரிந்த ஒரே பெயர் அவளுடையது. அவள் கையெழுத்திட்டால் ஆலைக்கு அது போதும்.

"இடிக்கப்போற பழைய கட்டடத்துல உன் மீன் அறை இருக்கு," என்று இயக்குநர் மெதுவாக நினைவூட்டினான். புதுக் கட்டடத்தின் தரைத்தளம் முழுவதையும் அவளுக்கே ஒதுக்க அவன் தயார். ஆனால் மேலே இருப்பவர்களிடம் அவன் எதைக் காட்டி வாதாடுவது? மீன்காரி ஒத்துழைக்கிறாள் என்று காட்ட ஒன்று வேண்டாமா? எல்லாவற்றையும் அவளுக்காகவே கவலைப்படுகிறவன்போலச் சொன்னான். உண்மையிலேயே கவலைப்பட்டிருக்கவும் கூடும். அவனிடம் அதுதான் சிக்கல்.

படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று தாளை வாங்கிக்கொண்டு அவள் எழுந்தாள்.

அன்று மாலை அண்ணன் வீட்டுக்குப் போனாள். போக வேண்டுமென்று திட்டமிடவில்லை. பேருந்து அந்த நிறுத்தத்தில் நின்றது, கால் இறங்கிவிட்டது. அண்ணன் அதே ஆலையில் அமிலத் தொட்டிப் பிரிவில் மேற்பார்வையாளன். ஆராய்ச்சி தொடங்கிய காலத்தில் அவனுடைய அடையாள அட்டை இருந்ததால்தான் காவலாளி அவளை வலையோடு கால்வாய்க் கரைக்கே விட்டான். அந்தக் கதையை யார் வந்தாலும் அண்ணன் சொல்வான்.

அண்ணி தட்டு வைத்தாள். அண்ணனின் தட்டில் மட்டும் உப்பும் மிளகாயும் இன்னொரு கை கூடுதலாக விழுந்தன. அவனுக்கு மூக்கு வேலை செய்வதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. மூக்கு போனதோடு ருசியும் போய்விட்டது.

"அடுப்புல பால் பொங்கி வழிஞ்சு கருகினாகூட இவருக்குத் தெரியாது," என்றாள் அண்ணி. "போன வாரம் பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கதவைத் தட்டுறாங்க. இவர் அடுப்புக்குப் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிக்கிறார்."

"நாத்தமும் தெரியாது, அதையும் சொல்லு. குப்பை வண்டி பின்னாடி போனாலும் நான் பூந்தோட்டத்துல போற மாதிரி போவேன்." அண்ணன் சிரித்தான். பிறகு தங்கையின் பக்கம் திரும்பினான். விஷயம் அவன் காதுக்கும் வந்திருந்தது. "ஏம்மா, உன் மீன் நல்லா இருக்குதுன்னு உன்னைச் சொல்லச் சொல்றாங்களாமே. நல்லாத்தானே இருக்கு? நீயே எத்தனை தடவை சொல்லியிருக்க."

"உயிரோட இருக்குன்னு சொன்னேன்ணா."

"அதைத்தான் நாங்க நல்லா இருக்குன்னு சொல்வோம்." வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுத் தொடர்ந்தான். சுத்திகரிப்பு வேண்டும் என்று உத்தரவு வந்தால் ஆலையை மூடிவிடுவோம் என்று மேலே பேசிக்கொள்கிறார்கள். மூடுவார்களோ, சும்மா மிரட்டுகிறார்களோ, யாருக்குத் தெரியும்? பிள்ளைகள் இரண்டும் இன்னும் படித்துக்கொண்டிருக்கின்றன. "என்னையே பாரு. சேர்ந்த புதுசுல கண்ணு எரியும், தொண்டை எரியும். ராத்திரி இருமி இருமி அம்மா தூங்காம உக்காந்திருப்பாங்க. இப்ப ஒண்ணும் இல்ல. பழகிடுச்சு."

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். என்ன கேட்கப்போகிறோம் என்று தெரியாமலே கேட்டாள். "உன்கூட ஒண்ணா சேர்ந்தவங்க எல்லாம் எங்கண்ணா இப்ப?"

அண்ணன் கூரையைப் பார்த்து யோசித்தான். குள்ளன் முதல் மாதமே ஓடிவிட்டான். அவனுக்கு மூச்சிரைப்பு. வடக்குத் தெரு அண்ணாச்சிக்குத் தோல் முழுக்கப் புண்ணாகி அவரும் வேலையை விட்டுப் போனார். பாடுகிறவன் ஒருவன் இருந்தான், தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே பாடுவான். அவன் நெஞ்சு நோவு வந்து செத்துப்போனான். அதற்கு ஆலை காரணமில்லை, குடிப்பழக்கம் என்று சொன்னார்கள்.

"அவங்களுக்கெல்லாம் ஒத்துக்கலம்மா," என்றான். "எனக்கு ஒத்துக்கிச்சு. அவ்வளவுதான்."

அண்ணி அவனுடைய தட்டில் இன்னும் கொஞ்சம் உப்பு போட்டாள்.

பேருந்தில் திரும்பி வரும்போது அந்த ஒரு வார்த்தை அவளுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. ஒத்துக்கலை. இருபது வருடமாக வகுப்பில் இதைத்தானே கத்திக்கொண்டிருக்கிறாள்? எந்த மீனும் எதற்கும் பழகிக்கொள்வதில்லை, தாங்க முடியாதவை சாகின்றன, தாங்குகிறவற்றின் பிள்ளைகள் மிஞ்சுகின்றன என்று. அது தெரியாமலே அண்ணன் ஒரு வரியில் சொல்லிவிட்டான். ஆனால் அவள் மனத்தை அரித்தது அது இல்லை. போனவர்களைப் பற்றிப் பேசும்போது அவன் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் வைத்திருந்தான். மூச்சிரைப்பு. தோல் வியாதி. குடி. ஒவ்வொரு காரணமும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது.

நிறுவனத்தில் அவளோடு இன்னும் மூன்று பெண்கள் சேர்ந்தார்கள். ஒருத்தி கல்யாணமாகிப் போனாள். ஒருத்தி வழிகாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு போனாள். இன்னொருத்தி ஏன் போனாள் என்று யாரும் கேட்கவில்லை. புதிதாக வரும் பெண்களிடம் இயக்குநர் மீன்காரியைக் கைகாட்டுவான்: இவங்களைப் பாருங்க, இவங்களால முடியலையா? அப்போதெல்லாம் அவள் முதுகு தானாக நிமிரும். இப்போது அதை நினைத்தபோது சன்னல் கம்பியைப் பிடித்திருந்த கை கூசியது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உவமை வேண்டாம், என்று தனக்குத்தானே சொன்னாள். உவமையை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்ய முடியாது.

மறுநாள் காலையில் மீன் அறைக்கு அவள் வந்தபோது கால்வாயிலிருந்து புதிய தொகுதி வந்து இறங்கி நாலைந்து நாள் ஆகியிருந்தது. காற்றுக் குழாய்களின் குமிழிச் சத்தமும் ஈரச் சிமெண்டின் வாசனையுமாக இருந்த அந்த அறைக்குள் அவளுக்கு மூச்சு எப்போதும் இலேசாக வரும். ஆராய்ச்சி மாணவி, எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுகிற பெண், மேல் அடுக்குத் தொட்டிகளுக்கு ஏணி இல்லாமலே கையை விட்டு எதையோ வலையால் அள்ளிக் கீழே இருந்த வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னது?"

"வண்டிச் சாவு, மேடம்."

அந்த அறையில் அது ஒரு வழக்குச் சொல். பல வருடங்களுக்கு முன், மீன் ஏற்றி வந்த வண்டி வெயிலில் பழுதாகி நின்று ஒரு தொகுதி முழுக்கச் செத்துப்போனது. அதற்குப் பிறகு அவளே ஒரு விதி வைத்தாள். வெளியிலிருந்து வரும் மீன்களை முதல் ஒரு வாரம் சுத்தமான தண்ணீர்த் தொட்டியில் தனியே வைக்க வேண்டும். அந்த வாரத்தில் சாகிறவை பயண அலுப்பில் செத்தவை. அவற்றை வாளியில் போட்டுவிடலாம். ஆய்வு தொடங்குவது எட்டாம் நாளிலிருந்து, மிஞ்சியவற்றைக் கொண்டு. நல்ல விதி. வேறு ஆய்வகங்களும் அதைத்தான் செய்கின்றன.

அவள் வாளிக்குள் குனிந்து பார்த்தாள். அடிப்பகுதி தெரியவில்லை.

"குட்டை மீன் வந்தா இவ்வளவு சாகுமா?"

நெட்டை வலையை உதறினாள். "சாகாது மேடம். எப்பவாவது ஒண்ணு ரெண்டு."

"குட்டையிலிருந்து வர்ற ரோடு எப்படி இருக்கும்?"

"ரோடா அது? போன தடவை வண்டியில என் தலை கூரையில இடிச்சு இடிச்சு நான் ரெண்டு அங்குலம் குள்ளமாயிட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தவள் பாதியிலேயே சிரிப்பை நிறுத்தினாள். மேட்டுக் குட்டையிலிருந்து அரை நாள் குலுங்கி வருகிற மீன்கள் சாகவில்லை. பேருந்து போகிற தார்ச்சாலையில் பக்கத்துக் கால்வாயிலிருந்து வருகிற மீன்கள் சாகின்றன. இரண்டு பேரும் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இத்தனை வருடமாக எத்தனை வாளி? ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது: வெயில், டப்பாவில் நெரிசல், புது ஓட்டுநர். அண்ணன் சொன்ன காரணங்களைப்போல ஒவ்வொன்றும் நியாயமானது.

"இன்னைக்கு வண்டி கிடைக்குமா?" என்று கேட்டாள்.

அன்று மதியமே இருவரும் கால்வாய்க்குப் போனார்கள். மீன்களோடு கால்வாய்த் தண்ணீரையும் டப்பா டப்பாவாக நிரப்பிக்கொண்டார்கள். ஓட்டுநர், இந்தச் சாக்கடையை ஏன் ஊருக்குள் ஏற்றுமதி செய்கிறீர்கள் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். எல்லா மீன்களும் ஒரே வண்டியில், ஒரே வெயிலில், ஒரே குலுக்கலில் வந்தன. வந்து சேர்ந்ததும் பாதி மீன்களைக் கால்வாய்த் தண்ணீர் நிரப்பிய தொட்டிகளில் விட்டாள். மறுபாதியைச் சுத்தமான தண்ணீரில், அதுவும் ஒரேயடியாக மாற்றாமல், சிறிது சிறிதாகக் கலந்து கலந்து விட்டாள். சாகிற எதையும் வாளியில் போடக் கூடாது, ஒவ்வொன்றையும் தனிக் குப்பியில் போட்டு வைக்க வேண்டும் என்று சொன்னாள்.

அடுத்த சில நாட்கள் அவள் அந்த அறையை விட்டு வெளியே போனது வீட்டுக்குக் குளிக்கத்தான். கால்வாய்த் தண்ணீர்த் தொட்டிகளில் மீன்கள் சும்மா திரிந்தன. சுத்தமான தண்ணீரில் இருந்தவை மூன்றாம் நாளில் ஓரமாக ஒதுங்கின. பிறகு சாய்ந்து நீந்தின. பிறகு நெட்டை குப்பிகள் போதவில்லை என்று சொன்னாள்.

காத்திருந்த நேரத்தில் அவளுக்கு இன்னொன்றும் பிடிபட்டது. அறையிலேயே பிறந்து, அழுக்குத் தண்ணீரைப் பார்த்தே இராத கால்வாய் வம்சம் ஒன்றைத் தலைமுறை தலைமுறையாக அவள் வளர்த்து வந்தாள். ஆய்வு தொடங்கும்போது குட்டை வம்சத்திலும் கால்வாய் வம்சத்திலும் குஞ்சுகளின் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். அதற்காகக் கால்வாய் வம்சத்தில் எப்போதும் சில ஜோடிகளைக் கூடுதலாக விடுவார்கள். ஏன் என்று அவளும் கேட்டதில்லை, அவளிடம் யாரும் கேட்டதில்லை. சோறு வடிக்கும்போது இன்னொரு பிடி அரிசி சேர்ப்பதுபோலக் கை தானாகச் செய்யும். கூடுதல் ஜோடிகளை விட்டால்தான் சமமாக வருகிறது என்றால், அவற்றுக்குக் குஞ்சுகள் குறைவாகப் பொரிகின்றன என்றுதானே அர்த்தம்? உலோகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் புரதத்தை அவை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. சுத்தமான தண்ணீரில் பிடிப்பதற்கு நஞ்சு இல்லை. உடம்புக்கு வேண்டிய உலோகத்தையே அது பிடித்துக் கட்டிப்போடுகிறது. அவள் ஊகம் அப்படி. நிரூபிக்க இன்னும் வேலை இருந்தது. சாவுகளுக்கு மட்டும் ஊகம் தேவையில்லை. அவை குப்பிகளில் இருந்தன.

சமமாக்கிச் சமமாக்கியே அதை மறைத்திருக்கிறாள். தன் கையால்.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பிடிவாதம் வந்தது. சின்ன வயதில் கணக்கு தப்பாக வந்தால் சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டாள். அதே பிடிவாதம்.

நெட்டைதான் கேட்கப் பயந்துகொண்டே கேட்டாள். "மேடம், என் ஆய்வேட்டில மூணாவது அத்தியாயம் முழுக்க எட்டாம் நாளுக்கு அப்புறம் எடுத்த கணக்குதான்."

"ஆமா."

"அப்ப அது போச்சா?"

"போச்சு," என்றாள் அவள். அந்தப் பெண்ணின் முகம் விழுந்ததைப் பார்த்தும் அவளால் அதற்கு மேல் இனிப்பாகச் சொல்ல முடியவில்லை. "தப்பு என்னுது. விதி வைச்சது நான். உன் நேரத்துக்கு நான்தான் பதில் சொல்லணும். சொல்றேன்."

நெட்டை தோளைக் குலுக்கினாள். "அந்த அத்தியாயம் எனக்கே போரடிச்சுது. இதுதான் நல்லா இருக்கு." சொல்லிவிட்டுக் குப்பி வாங்கப் போனாள். வாசலைத் தாண்டியதும் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது கண்ணாடிக் கதவு வழியே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். அன்றைக்கு அவள் மறந்து வைத்துவிட்டு வந்த குடையைக் கொண்டுவந்திருந்தான். அது ஒரு சாக்கு என்று இருவருக்கும் தெரியும். இத்தனை ஆண்டில் அவன் அந்த அறைக்குள் வந்ததில்லை. தொட்டிகளுக்கிடையே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்காட்சிக்கு வந்தவன்போல நடந்தான். கால்வாய்த் தண்ணீர்த் தொட்டிக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனான். அவளுக்கு மூக்கில் ஏறிய அந்த நெடி அவனைத் தொடவே இல்லை.

"இது எங்க ஆலைத் தண்ணியா?" என்றான். பிறகு பக்கத்துத் தொட்டியைப் பார்த்தான். தெளிந்த தண்ணீரில் ஒரு மீன் சாய்ந்து சாய்ந்து நீந்திக்கொண்டிருந்தது. "இது ஏன் இப்படி இருக்கு?"

அவள் சொன்னாள். எளிமையாக, ஒன்றும் விடாமல் சொன்னாள்.

"நல்ல தண்ணில விட்டா சாகுதா?" அண்ணன் சிரிக்கப் பார்த்தான். "எனக்கும் அப்படித்தான்மா. நாலு நாள் லீவு விட்டா உடம்புக்கு ஆகாது. தலைவலி வந்துடும். உங்க அண்ணி திட்டுவா, வேலைக்குப் போனாத்தான் இவருக்கு உடம்பு சரியாகும்னு."

அவள் சிரிக்கவில்லை. சாய்ந்து நீந்திய மீன் தொட்டியின் மூலைக்குப் போய், கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. அண்ணன் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தான்.

"அப்ப நீ எழுதிக் கொடுக்க மாட்ட," என்றான், மீனைப் பார்த்தபடியே.

"இதைப் பார்த்துட்டு எப்படிண்ணா கொடுக்கறது?"

"எனக்குத் தெரியாது. நான் படிச்சவன் இல்ல." எழுந்தபோது அவன் முழங்கால் சத்தம் போட்டது. "ஆலையை மூடினா நான் உன் மேல கோவப்படுவேன். சொல்லிட்டேன். கோவப்படாம இருக்க என்னால முடியாது."

"சரிண்ணா."

"ஆனா வீட்டுக்கு வராம இருந்துடாதே. அதுக்கும் சேர்த்துக் கோவப்படுவேன்."

குடையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவன், திரும்பி வந்து அதை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

கையெழுத்திட்ட அறிக்கையை இயக்குநர் கேட்டிருந்த நாளன்று காலையில் அவள் அவன் அறைக்குப் போனாள். கையில் சில பக்கங்கள் இருந்தன. வண்டிச் சாவு, கூடுதல் ஜோடிகள், தன் பழைய கட்டுரையில் எந்தெந்த எண்கள் இனி நிற்காது என்பது, எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். அவன் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு படித்தான். அவன் படிக்கிற விதத்திலேயே தெரிந்தது, புழுக்களைப் படித்த பழைய பையன் இன்னும் முழுதாகச் சாகவில்லை. ஓர் இடத்தில் விரலை வைத்து, இது அதிர்ச்சிச் சாவாக இருக்கலாமே, திடீரென்று தண்ணீர் மாறியதால், என்றான். சிறிது சிறிதாகக் கலந்ததைச் சொன்னாள். இங்கேயே பிறந்த வம்சத்தையும் சொன்னாள். அவன் விரலை எடுத்துக்கொண்டான்.

"அருமையான வேலை," என்றான். மனதாரத்தான் சொன்னான். "இதை ஒரு வருஷம் நல்லா செஞ்சு பெரிய கட்டுரையா போடு. நான் துணைக்கு நிக்கறேன். புதுக் கட்டடத்துல, புதுத் தொட்டியில."

"குழு அடுத்த வாரம் கூடுது."

"அவங்களுக்கு இதெல்லாம் புரியாது. இன்னும் நிரூபிக்காததைச் சொல்லி நீயே உன் பேரைக் கெடுத்துக்காதே. ஒண்ணு செய்யலாம்." சுருக்க அறிக்கையை எடுத்தான். பேனாவால் இரண்டாவது வாக்கியத்தை ஒரே கோடாக அடித்தான். "ஆரோக்கியம் போச்சு. இப்ப இதுல இருக்கிறது முழுக்க உன் வாக்கியம்தான். நீ கட்டுரையில எழுதினது, ஒரு எழுத்து மாத்தலை. இதுல என்ன பொய் இருக்கு?"

அவள் தாளைப் பார்த்தாள். பொய் ஒன்றும் இல்லை. கால்வாய் மீன்கள் தகவமைத்துக்கொண்டுதான் இருந்தன. இந்த ஒரு வாக்கியத்தைத் தனியாக நிறுத்தி வைத்தால் எப்படி இருக்கும் என்று பார்த்தாள். எட்டாம் நாள் தொட்டியைப்போல இருந்தது. எல்லாம் நீந்திக்கொண்டிருக்கும். வாளி எங்கேயோ வெளியே இருக்கும்.

"இந்தப் பக்கங்களையும் கூட வைப்பியா?" என்று கேட்டாள்.

அவன் கண்ணாடியைத் துடைத்தான். "சுருக்கம்னா ஒரு பக்கம்தான், மீன்காரி. உனக்கே தெரியும்." பேனாவை அவள் பக்கமாக நீட்டினான். "நாம ரெண்டு பேரும் இங்க எவ்வளவு பார்த்துட்டோம். எவ்வளவு பொறுத்துட்டோம். உன்னை மாதிரி தாக்குப்பிடிச்சவ யாரு இருக்கா, சொல்லு."

என்னோடு சேர்ந்த மூன்று பேரின் முகங்களும் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன, என்று அவள் நினைத்தாள். மூன்றாவது பெண்ணின் பெயரைத்தான் யாரும் இப்போது சொல்வதில்லை. மீன் அறையின் கூரை இடிபடும் சத்தம் ஒரு கணம் காதில் கேட்டது. அண்ணன் குந்தி உட்கார்ந்திருந்ததும் தெரிந்தது. பயமாகத்தான் இருந்தது. பயம் இருந்த இடத்திலேயே இருந்தது, அவளை அது நகர்த்தவில்லை.

நீட்டிய பேனாவை வாங்கினாள். அதன் மூடியைத் தேடி எடுத்து மூடி, சுருக்க அறிக்கையின் மேல் குறுக்காக வைத்தாள்.

"வேண்டாம்," என்றாள்.

"எது வேண்டாம்? வாக்கியமா, கட்டடமா?"

"கையெழுத்து." தன் பக்கங்களை மட்டும் எடுத்து அடுக்கினாள். "குழுவுக்கு இதை நானே அனுப்பிடறேன். உன்கிட்ட ஒரு பிரதி இருக்கட்டும்."

அவள் ஒரு பிரதியை அவன் மேசைமேல், அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினாள். கீழே மீன் அறையில் நெட்டை காத்துக்கொண்டிருப்பாள். கடைசியாக வந்த தொகுதியில் செத்தவற்றை இன்னும் எண்ணவில்லை.